அவலாஞ்சி ஓடைகளில் இன்னொரு மீனை விடும் முன்: மீன்வளத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மீன்வளம் மற்றும் மீனவர் நலத் துறையில் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

நீலகிரியில் குந்தா பக்கம் குடியிருக்கிறேன். மீனியல் படித்தவன் இல்லை. இந்த மலையின் ஓடைகளைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பவன், அவற்றின் கரையோரம் நடப்பவன், அவ்வளவுதான். அவலாஞ்சியில் டிரவுட் என்ற அயல்நாட்டுக் குளிர்நீர் மீனின் முட்டையைப் பொரித்துக் குஞ்சு வளர்க்கும் பொரிப்பகத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், வெள்ளைக்காரர் காலத்துப் பெருமையை மறுபடி தூக்கி நிறுத்த வேண்டும் என்று ஒரு குரல் எழும். ஊட்டிக்கு வருகிறவர்களைத் தூண்டில் போட வைக்கலாம், டிரவுட்டுக்கு நல்ல விலை கிடைக்கும் என்பார்கள். பொரிப்பகத்தை இழுத்து மூடுங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அங்கே பொரிக்கும் குஞ்சு எந்த நீருக்குப் போகலாம், எந்த நீருக்குப் போகவே கூடாது என்பதைத் துறை எழுத்தில் வரையறுக்க வேண்டும். அதற்கும் முன்னால், இந்த ஓடைகளில் முதலிலிருந்தே என்னென்ன வாழ்கின்றன என்று இறங்கிப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். இந்த இரண்டையும் கேட்கத்தான் இந்த மடல்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. 1863-ல், மதராஸில் ராணுவ மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே நீலகிரிக்கு டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார். இந்திய மீன்களைத் தொகுத்து எழுதியவர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டிய மனிதர் அவர். அவர் முயற்சி பலிக்கவில்லை. சூயஸ் கால்வாய் திறந்ததே 1869-ல்தான். அதற்கு முன் வெப்பக் கடல்களைத் தாண்டி ஒரு குளிர்நீர் மீனின் முட்டை உயிரோடு வந்து சேர்வது லேசான காரியமா? 1870-களில் டென்ச், குருசியன் கெண்டை போன்ற ஐரோப்பிய மீன்கள் ஊட்டி ஏரிக்கு வந்தன. டிரவுட்டுக்கு இன்னும் ஒரு தலைமுறை பிடித்தது. ஆங்கிலேய அதிகாரி பிரெடரிக் நிக்கல்சனின் முயற்சியால் 1907-ல் மதராஸ் மாகாணத்தில் மீன்வளத்துக்கென ஓர் அமைப்பு உருவானது. உங்கள் துறையின் வேர் அதுதான். அதே காலத்தில் மதராஸ் அரசின் மீன் வளர்ப்பு நிபுணர் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார். வட அமெரிக்காவின் மேற்குக் கரை ஆறுகளைச் சேர்ந்த வானவில் டிரவுட், அதற்கு முன்பே சிலோன் தோட்டத் துரைமாரின் கையால் நுவரெலியா மலைநீரில் விடப்பட்டிருந்தது. அங்கிருந்து அது நீலகிரிக்கு ஏறி வந்து நிலைத்துவிட்டது. 1939-ல் சாதாக் கெண்டையும் சிலோனிலிருந்தே ஊட்டிக்கு வந்தது.

இத்தனை பாடும் யாருடைய பசியைத் தீர்க்க? துரைமார் விடுமுறை நாளில் தூண்டிலோடு நடக்க, ஸ்காட்லாந்து மாதிரி ஒரு ஓடை வேண்டியிருந்தது. வேட்டை விலங்குகளையும் மீனையும் காக்க நீலகிரிக்கென்றே 1879-ல் தனிச் சட்டம் போட்டார்கள். புலால் உண்ணாத தொதவர்களின் மந்துகளை, அதாவது குடியிருப்புகளை, ஒட்டி ஓடும் நீரில் என்ன விடலாம், என்ன விடக் கூடாது என்று அந்த மக்களிடம் கேட்கும் வழக்கம் அன்றைய ஆட்சியில் இல்லை. அடிவாரக் காடுகளில் இருளரும் குறும்பரும் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்து வந்தார்கள். எந்த மடுவில் எந்த மீன் நிற்கும், எந்த மாதம் சினை பிடிக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அந்த அறிவு எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஆள் இருக்கிறார்களா என்று கதவைத் தட்டிக்கூடப் பார்க்காமல், காலி வீடு என்று முடிவு செய்து குடியேறியதைப் போலத்தான் இந்த ஓடைகளுக்குள் புது மீன் வந்தது.

பொரிப்பக வேலை எவ்வளவு நுணுக்கமானது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. குளிர்காலத்தில் சினை மீனை ஈரத்துணியோடு பிடித்து, கட்டைவிரலால் வயிற்றை மேலிருந்து கீழாக மெல்ல வருடினால் ஆரஞ்சு நிற முட்டைகள் தட்டில் சொரியும். அதன்மேல் ஆண் மீனின் விந்தைப் பிழிந்து, இறகால் கலக்கி, குளிர்ந்த ஓடைநீர் விடாமல் ஓடும் தட்டுகளில் பரப்பி வைப்பார்கள். சில வாரத்தில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கரும்புள்ளி தெரியும். அவை குஞ்சின் கண்கள். இடையில் வெளுத்துப்போன முட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப் போட வேண்டும். விட்டால் அதில் பிடிக்கும் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் பரவிவிடும். இந்தக் கைத்திறனும் பொறுமையும் நூறு ஆண்டுக்கு மேலாக உங்கள் துறையிடம் இருக்கின்றன. அதில் பாதியை இந்த மலைக்கே உரிய உயிர்களுக்குக் கொடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

அப்படி என்ன பெரிய உயிர்கள் இந்த ஓடைகளில் இருக்கின்றன என்று கேட்கலாம். பெரிய உயிர் எதுவும் இல்லை. விஷயமே அதுதான். நீலகிரியின் மேல்தளம் நாலாபக்கமும் செங்குத்தாக இறங்குகிறது. கீழே பவானியிலும் மோயாற்றிலும் இருக்கிற பெரிய மீன்களால் அந்த அருவிகளைத் தாண்டி மேலே வர முடியாது. அதனால் மேலே இருப்பவை கல்லிடுக்கில் ஒட்டிக்கிடக்கும் சிறுமீன்கள், நண்டுகள், நீர்ப்பூச்சிகளின் இளம்பருவங்கள், தவளைக் குஞ்சுகள். சோலை ஓடைகளில் வாழும் தவளைகளில் சில இந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. நீலகிரியின் மரத்தவளை ஒன்று, கேட்டிக்ஸாலஸ் வேரியபிலிஸ் என்று அறிவியலில் பெயர், தன் தலைப்பிரட்டைப் பருவத்தை ஓடைநீரில்தான் கழிக்கிறது. பெரிய கொன்றுண்ணி மீனே இல்லாத நீரில் காலங்காலமாக வாழ்ந்த உயிருக்கு, அப்படி ஒரு மீனிடமிருந்து எப்படித் தப்புவது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. டிரவுட்டோ கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். பூச்சி, நண்டு, தலைப்பிரட்டை, சிறுமீன், எது அசைந்தாலும் பாயும்.

இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலை ஏரிகள் பெரும்பாலும் மீனே இல்லாமல் இருந்தவை. தூண்டில்காரர்களுக்காக அங்கே டிரவுட் விட்டார்கள். மஞ்சள்கால் தவளைகள் ஏரி ஏரியாகக் குறைந்தன. அப்புறம் ஆராய்ச்சியாளர்கள் சில ஏரிகளில் வலை போட்டு டிரவுட்டை முழுக்க அரித்து எடுத்துப் பார்த்தார்கள்; சில ஆண்டுகளிலேயே அந்த ஏரிகளில் தவளை பெருகியது. அங்கே முன்னும் பின்னும் கணக்கு இருந்ததால் இதைச் சொல்ல முடிந்தது. நம் ஓடைகளில் இன்று ஒரு தவளை குறைந்தால், எதோடு ஒப்பிட்டுச் சொல்வது?

ஆஸ்திரேலியாவின் தெற்கே இருக்கும் டாஸ்மேனியா தீவின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். அதுவும் பிரிட்டிஷ் காலனி. 1864-ல் நார்ஃபோக் என்ற கப்பலில் பனிக்கட்டிக்கு நடுவே பாசியில் பொதிந்து சால்மன் முட்டைகளை அனுப்பினார்கள். கூடவே கொஞ்சம் பழுப்பு டிரவுட் முட்டைகளும் போயின. சால்மன் அங்கே தங்கவில்லை. டிரவுட் வேரூன்றி, அங்கிருந்து நியூசிலாந்துக்கும் போனது. நூறு ஆண்டு கழித்து, 1972-ல், மின்சாரத்துக்காக பெடர் ஏரியை அணைநீரில் மூழ்கடித்தார்கள். அந்த ஏரிப் பக்கத்தில் மட்டுமே வாழ்ந்த சிறுமீன் ஒன்று உண்டு, பெடர் கேலக்ஸியாஸ். அணை வந்ததும் டிரவுட் உள்ளே புகுந்தது. பக்கத்து நீர்நிலையிலிருந்து இன்னொரு கேலக்ஸியாஸ் இனமும் புகுந்தது. சொந்த இடத்தில் அந்தச் சிறுமீன் அடியோடு அழிந்துபோனது. 1990-களில் கொஞ்சம் மீன்களைப் பிடித்து ஓபெரான் என்ற மலை ஏரியில் விட்டிருந்ததால் அந்த இனம் இன்று உயிரோடு இருக்கிறது. குளிர் மலை, மின் அணை, டிரவுட் மூன்றும் நம் குந்தாவிலும் இருக்கின்றன. 1950-களில் கனடா உதவியோடு தொடங்கிய குந்தா மின் திட்டத்தில்தான் அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி அணைகள் எழுந்தன. அந்த நீர்த்தேக்கங்களுக்கு அடியில் போன ஓடைகளில் என்ன இருந்தது என்று கேட்டால் யாரிடம் பதில் இருக்கிறது?

கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியைப் பற்றி நீங்களே படித்திருப்பீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1920-களின் கடைசியில் பிரிட்டிஷ் மீன்வள ஆய்வாளர் மைக்கேல் கிரஹாம் அந்த ஏரியை ஆய்வு செய்து, வெளியிலிருந்து பெரிய கொன்றுண்ணி மீனைக் கொண்டுவந்து விடுவது பேராபத்து என்று எழுதிக் கொடுத்தார். 1950-களில், காலனி ஆட்சி முடியும் தறுவாயில், உகாண்டா பக்கத்தில் நைல் பெர்ச் என்ற பெரிய கொன்றுண்ணி மீனை விட்டார்கள். இருபது ஆண்டுக்கு மேல் பெரிதாக ஒன்றும் நடக்காதது போலத்தான் தெரிந்தது. 1980-களில் அது ஏரியை நிறைத்தது. வேறெங்கும் இல்லாத நூற்றுக்கணக்கான சிறுமீன் இனங்கள் காணாமல் போயின. ஏற்றுமதியில் பணம் வந்தது உண்மை, பல குடும்பங்கள் அதில் பிழைக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் போன இனங்களை இனி எந்தப் பொரிப்பகத்திலும் பொரிக்க முடியாது. அந்த இருபது ஆண்டு அமைதியைத்தான் நான் உங்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். விட்ட மீனால் இதுவரை கெடுதல் ஒன்றும் தெரியவில்லை என்பது ஒரு காலத்தில் விக்டோரியா ஏரிக்கும் பொருந்தியது.

நம் ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1952-ல் மொசாம்பிக் திலேப்பியா, நாம் ஜிலேபிக் கெண்டை என்று சொல்வது, இந்தியாவுக்கு வந்தது. 1959-லேயே அதைப் பரப்ப வேண்டாம் என்று தடை சொல்லிவிட்டார்கள். ஏழே ஆண்டு. ஆனால் இன்று தமிழ்நாட்டில் ஜிலேபிக் கெண்டை இல்லாத ஏரி, கண்மாய் எங்கே இருக்கிறது? பரிசலில் போய் வலை வீசுகிறவர்கள் அதைத்தான் அள்ளி வருகிறார்கள், சந்தையில் அதைத்தான் கூறு கட்டி விற்கிறார்கள். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த மீனை நம்பி அடுப்பு எரிகிற வீடுகளுக்கு எதிராக நான் ஒரு வரியும் எழுத மாட்டேன். சமவெளி ஏரிகளில் அதைத் தடுக்கும் காலம் கடந்துவிட்டது. கொசுவுக்காக 1928-ல் இத்தாலியிலிருந்து வந்த கம்பூசியாவும் அப்படித்தான். தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் சேர்த்தே தின்னும் அந்தச் சிறுமீனைத் திரும்ப அழைக்க வழியில்லை. அது சுகாதாரத் துறை விஷயம் என்பீர்கள். சரி, ஆனால் நீருக்குள் போன பிறகு எந்தத் துறையின் மீன் என்று எந்த ஓடையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மேல்மலையில் இன்னும் சில ஓடைகள் மிச்சம் இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இப்போது என் கவலை.

வெளிநாட்டு மீன் என்றால் மட்டும் யோசித்தால் போதுமா என்பதையும் பார்க்க வேண்டும். காவிரியின் திமில் மஹசீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது கிலோவைத் தாண்டி வளரும். அதைப் பிடிப்பதற்காகவே அன்றைய ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் காவிரிக் கரையில் முகாம் போட்டார்கள். அப்படி ஊரறிந்த மீனுக்கு அறிவியல் பெயர் உறுதியானது 2018-ல்தான்: டோர் ரெமதேவியே. பெயர் உறுதியானபோதே அது அழிவின் விளிம்பில் இருந்தது. மணல் அள்ளியதும், அணை கட்டியதும், வெடி போட்டதும் காரணம். இன்னொரு காரணம் நல்லெண்ணம். மஹசீரைக் காப்பாற்ற வேண்டும் என்று 1970-களிலிருந்து மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்த்த வேறொரு மஹசீர் இனத்தை, கிருஷ்ணா ஆற்றுப் பக்கத்து நீலத்துடுப்பு மஹசீரை, காவிரியிலும் விட்டார்கள். அது பெருகியது. காவிரியின் சொந்த மீன் ஒதுங்கியது. மஹசீர் எண்ணிக்கை கூடிவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், அந்த ஆற்றுக்கே உரிய மஹசீர் போய்க்கொண்டிருந்தது. இன்று அது எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் ஒன்று நம் மோயாறு. நீலகிரிக்கும் முதுமலைக்கும் அடியில் ஓடி பவானிசாகரில் சேரும் அதே மோயாறு.

கட்லாவும் 1920-களில் காவிரிக்குக் கொண்டுவரப்பட்டதுதான். அது இந்திய மீன், ஆனால் காவிரிக்கு அந்நிய மீன். 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், ஊடுருவும் அயல் இனங்களைக் கட்டுப்படுத்த ஒன்றிய அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் அதன் வரையறை இந்தியாவுக்கு வெளியிலிருந்து வரும் இனங்களோடு நின்றுவிடுகிறது. ஒரு ஆற்றின் மீனை இன்னொரு ஆற்றில் விடுவதை அது பார்க்காது. 1897-ம் ஆண்டு மீன்வளச் சட்டமோ வெடியையும் நஞ்சையும் தடுப்பதைப் பற்றிப் பேசுகிறதே ஒழிய, ஆற்றில் எதை விடலாம் என்பதைத் தொடவே இல்லை. இந்த இரண்டு சட்டத்துக்கும் நடுவில் விழுந்து கிடக்கும் இடைவெளியை நிரப்ப, மாநிலத் துறையின் ஒரு ஆணை போதும். டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மரங்கள் விஷயத்தில் தமிழ்நாடு இதைச் செய்து காட்டியிருக்கிறது. டிரவுட்டைக் கொண்டுவந்த அதே ஆட்சியின் கைகள் கொண்டுவந்ததுதான் சீகை மரமும் யூகலிப்டஸும். புல்வெளிகளை விழுங்கிய அவற்றை அகற்ற நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022-ல் ஊடுருவும் தாவரங்களுக்கென மாநிலக் கொள்கையே வந்தது. வரையாட்டுக்காகப் புல்வெளியை மீட்கிறோம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் புல்வெளியின் நடுவே ஓடும் நீருக்குள்ளும் அதே கண்ணோடு பார்க்க வேண்டாமா?

இனி நான் கேட்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் உற்பத்தியாகும் ஓடைகளிலும், இதுவரை டிரவுட் ஏறாத மற்ற மேல்மலை ஓடைகளிலும், எந்த மீனையும் விடக் கூடாது என்று ஆணை பிறப்பியுங்கள். வனத்துறையோடு சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. அவலாஞ்சியில் பொரிக்கும் குஞ்சுகள், வெளியேறும் வாயில் கண்ணி வலை போட்ட தொட்டிகளிலேயே வளரட்டும். விற்பனைக்கும் சுற்றுலாவுக்கும் அதுவே போதும். மழை கொட்டும் இடம் இது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்த ஊர். தொட்டி நிரம்பி வழிந்தால் குஞ்சு எந்த ஓடையில் போய் விழும் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் கட்ட வேண்டும். மோயாற்றிலும் அதில் சேரும் ஓடைகளிலும் வேறு மஹசீரையும் கெண்டைக் குஞ்சுகளையும் விடுவதற்கு முழுத் தடை வேண்டும். தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி எங்காவது வளர்க்கப்படுவதாகத் தகவல் வந்தால், அது பவானிப் படுகையாக இருக்கும்போது மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் அங்கே ஓடுங்கள்.

அப்புறம் கணக்கெடுப்பு. டாக்டர் பட்டம் பெற்றவர்கள் மட்டும் போய்வந்து ஆங்கிலத்தில் எழுதிவைக்கும் கணக்கெடுப்பாக அது முடிந்துவிடக் கூடாது. இருளர், குறும்பர் பெரியவர்களைக் கூலியும் மரியாதையும் கொடுத்து உடன் அழைத்துப் போங்கள். அவர்கள் சொல்லும் மீன் பெயர்களையும், மடுக்களின் பெயர்களையும், முன்பு இருந்து இப்போது இல்லாதவற்றையும் அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள். முடிவுகளைத் தமிழில் வெளியிடுங்கள். டிரவுட் இருக்கும் ஓடை ஒன்றையும் இல்லாத ஓடை ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூச்சியையும் தவளையையும் எண்ணினால், இந்த மலைக்கே உரிய பதில் கிடைத்துவிடும். கலிஃபோர்னியாவையும் டாஸ்மேனியாவையும் நான் மேற்கோள் காட்டவேண்டிய அவசியம் இருக்காது.

கடைசியாக, துறையின் பழைய பதிவேடுகள். எந்த ஆண்டு, எந்த ஓடையில், எந்த மீன், எத்தனை குஞ்சு விடப்பட்டது என்று உங்கள் துறையில் எழுதிவைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன். அந்தத் தாள்களை ஸ்கேன் செய்து பொதுவில் வையுங்கள். 1907 முதல் எந்த நீருக்குள் எது போனது என்று தெரிந்தால்தான் எந்த நீர் இன்னும் தொடப்படாமல் இருக்கிறது என்று ஒரு வரைபடம் போட முடியும். வரைபடம் போடும் வேலைக்கு ஊதியம் வாங்காமல் வந்து உட்காரக் கல்லூரி மாணவர்களும் என்னைப் போன்றவர்களும் இந்த மாவட்டத்தில் இருக்கிறோம். அடுத்த முறை குஞ்சு விடுவதற்குத் தேதி குறிக்கும் முன் அந்தப் பதிவேடுகளை எங்களுக்குத் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குந்தா வட்டத்திலிருந்து ஒரு நீலகிரிக்காரன்